கட்டைவிரல் கணக்கு: லேப்புக்கு எதை வாங்குவது?

திரவத்தைத் துளியளவில் உறிஞ்சி விடும் பிப்பெட்டை எங்கள் லேப்பில் ஐந்து பேர் பிடிக்கிறோம். அதில் மூன்று பேருக்குக் கட்டைவிரலின் அடியில் வலி. முதலில் வாய்விட்டுச் சொன்னது எங்களில் இளையவள்தான். "அக்கா, காலையில தோசைக்கரண்டியத் திருப்ப முடியல. டம்ளர் பிடிச்சா நழுவுது" என்றாள். நான் வழக்கம்போலத் தைலம் தேய்க்கச் சொன்னேன். எனக்கும் அதே இடத்தில்தான் ஒரு வருடமாக வலி. அதை வயசுக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

பிப்ரவரி மாதம் வந்தது. சிறு கருவிகள் தலைப்பில் ஏறக்குறைய மூன்று லட்சம் செலவழியாமல் கிடந்தது. மார்ச் 31க்குள் செலவு செய்யாவிட்டால் திரும்பிப் போய்விடும். இந்தப் பணத்தைக் கை வலிக்கே செலவிடலாம் என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. டைரக்டர் சாருக்கு, தானாகவே பிப்பெட் வேலை செய்யும் ரோபோ மேல் ஆசை. கூட வேலை செய்யும் ஒருவர் எல்லோருக்கும் எலெக்ட்ரானிக் பிப்பெட் என்றார். அலுவலகப் பக்கம் இருந்து வந்த யோசனை: "வீட்டு வேலையும் செய்றாங்க இல்ல, அதுல வந்திருக்கும். ஒரு கிரேப் பேண்டேஜ் வாங்கிக் கொடுங்க."

அந்த ஒரு மாதம் நான் போட்ட கணக்குதான் இது. உங்கள் லேப்பிலும் இதே கேள்வி இருந்தால் விடை வேறாக வரலாம். கணக்குப் போடும் முறை மட்டும் ஒன்றுதான்.

முதலில் வலியைப் பற்றிக் கொஞ்சம். ஒரு காலத்தில் பிப்பெட் என்றால் கண்ணாடிக் குழாய். அதை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் என்ற மருத்துவருக்கு இது பிடிக்கவில்லை. 1957ல் ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் பிப்பெட்டை வடிவமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மிச்சத் துளியை வெளியே தள்ள இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றையும் அவரே வைத்தார். இன்று நம் கையில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். கிருமியும் அமிலமும் வாய்க்குள் போகும் ஆபத்து ஒழிந்தது; உதடு செய்த வேலை கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது. எதிரில் நிற்கும் நாலு விரலோடு சேர்ந்து பிடிப்பதில் கட்டைவிரல் கெட்டிக்காரன். தனியாக நிமிர்ந்து நின்று நாள் முழுக்கக் கீழ்நோக்கி அழுத்துவது அதற்குப் பழக்கமில்லாத கூலி வேலை.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் புகுந்து போகின்றன. அந்த உறை தடித்து, நாண்கள் அதில் உரசும்போது வருவதுதான் டி குவர்வெய்ன் வலி. ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895ல் விவரித்ததால் அந்தப் பெயர். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அது வேறு கதை: மணிக்கட்டுக்குள் மீடியன் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டன்னல். அதைத் தைலத்தில் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டு வேலை வாதத்தில் துளி உண்மை இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி டி குவர்வெய்ன் வரும் தாய்மார்கள் நிறையப் பேர். துணி பிழிவதும் சேர்த்து நோகடிக்கும். ஆனால் ஸ்வீடனில் நடந்து 1994ல் வெளியான ஓர் ஆய்வு பெண் லேப் டெக்னீஷியன்களை மற்ற அரசுப் பணிப் பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கை உபாதை லேப்காரர்களிடம் சுமார் இரண்டு மடங்கு. துணி இரு தரப்பு வீட்டிலும்தானே இருந்திருக்கும்! அதே ஆய்வு சொன்ன இன்னொரு எண்ணைத்தான் நான் டைரக்டர் சாரிடம் எடுத்துப் போனேன்: வருடத்துக்கு 300 மணி நேரத்துக்கு மேல் பிப்பெட் பிடிப்பவர்களுக்குக் கையிலும் தோளிலும் தொந்தரவு கூடுகிறது. 300 மணி நேரம் கேட்கப் பெரிதாக இருக்கிறது. வாரம் ஆறு நாள் வேலை என்று வகுத்துப் பார்த்தால் நாளைக்கு ஒரு மணி நேரம். நாங்கள் அதைக் காலை டீக்கு முன்பே தாண்டிவிடுகிறோம்.

கொரோனா காலத்தில் தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டி-பிசிஆர் சோதனையையே நம்பி நின்றது. அந்த நாட்களில் லேப்பில் இருந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணிப் பார்த்தது

ரத்த அணு எண்ணும் பழைய டாலி கவுன்டர் ஒன்று எங்கள் டிராயரில் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு இளையவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் கட்டைவிரல் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நான் ஒரு கிளிக். கொஞ்ச நேரத்தில் என் கட்டைவிரல் வலித்தது, அது வேறு விஷயம்.

96 குழி கொண்ட பிசிஆர் பிளேட், ஒற்றை வாய் பிப்பெட். மாஸ்டர் மிக்ஸை (எல்லாக் குழிக்கும் பொதுவான கலவை) எடுக்க ஓர் அழுத்து, விட ஓர் அழுத்து. ஒரே டிப்பில் (பிப்பெட் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) ஓட்டினாலும் 96 குழிக்கு 192. அப்புறம் சாம்பிள்: எடுக்க ஒன்று, விட ஒன்று, டிப்பைக் கழற்ற ஒன்று. 96க்கு 288. கூட்டினால் 480. இது காகிதக் கணக்கு. என் கவுன்டர் காட்டியது கிட்டத்தட்ட இதைப்போல் இரண்டு மடங்கு.

எங்கே தப்பு என்று மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். சாம்பிளை விட்டதும் அவள் கை தானாகவே மேலும் கீழும் ஐந்து முறை உறிஞ்சி விட்டுக் கலக்கியது. 96 குழி, ஐந்து ஐந்தாக 480. கலக்குவதற்கு மட்டுமே இன்னொரு முழு பிளேட்! யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "நீங்கதான் அக்கா" என்றாள். உண்மைதான். எனக்கு என் சீனியர் சொல்லிக் கொடுத்தது. நாங்கள் பயன்படுத்தும் கிட்டில் பிளேட்டுக்கு ஃபிலிம் ஒட்டி, வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் லேசாகக் காட்டி, சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டாலே போதும். பழைய முறையும் புதிய முறையும் ஒப்பிட்டு மூன்று ரன் போட்டோம், சிடி மதிப்பில் (பிசிஆரின் எத்தனையாவது சுற்றில் சாம்பிள் பாசிட்டிவாகத் தெரிகிறது என்ற எண்) சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் பாதி அழுத்து போனது.

இதனால்தான் கேட்டலாக்கைத் திறக்கும் முன் கவுன்டரை எடுக்கச் சொல்கிறேன். எந்த அழுத்து அதிகம், எது கடினம், எது தேவையே இல்லாதது என்று தெரியாமல் வாங்கினால் பணம் வலி இல்லாத இடத்துக்குப் போய்விடும்.

எல்லா அழுத்தும் ஒரே எடை இல்லை என்பதும் முக்கியம். அளவெடுக்கும் முதல் நிறுத்தம் வரை அழுத்துவது லேசு. மிச்சத் துளியைத் தள்ளும் இரண்டாம் நிறுத்தம் வரை போவது அதைவிடக் கனம். டிப்பைக் கழற்றும் அழுத்துத்தான் பல பிப்பெட்டில் எல்லாவற்றிலும் கனம். அதுவும் டிப்பை மாட்டும்போது ராக்கில் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டும் பழக்கம் இருந்தால் கழற்ற இன்னும் பலம் வேண்டும். எங்களில் ஒருவர் மூன்று தட்டு. அவருக்குத்தான் வலி ரொம்ப நாளாக.

செலவில்லாத வழி எதுவரை போகும்

முதல் தேர்வு, எதையும் வாங்காமல் இருப்பதை மட்டும் சரி செய்வது. அலுவலகத்துக்குப் பிடித்த தேர்வு. நான் எதிர்பார்த்ததைவிட இது தூரம் போனது.

பிப்பெட்டைக் கழற்றிப் பிஸ்டனைத் துடைத்து, சீலையும் ஓ-ரிங்கையும் பார்த்து, நிறுவனம் சொல்லும் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டியதும், பத்தில் நாலு பிப்பெட் புதிதுபோல் வழுக்கியது. அதில் ஒன்றின் உள்ளே உப்பு படிந்து சொரசொரப்பாக இருந்தது. இவ்வளவு நாள் அந்த உப்போடுதான் விரல் மல்லுக்கட்டியிருக்கிறது. கழற்றி மாட்டிய பிறகு தராசில் எடை போட்டு அளவு சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 8655 முறை அதற்காகத்தான் இருக்கிறது.

அடுத்தது கழிவு ஜாடி. எங்களுடையது உயரமான பிளாஸ்டிக் ஜாடி. டிப்பைப் போட ஒவ்வொரு முறையும் முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, அந்த நிலையிலேயே கனமான கழற்றும் அழுத்தையும் கொடுக்க வேண்டும். தோள்வலிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பழைய டிப் பெட்டி உயரத்தில் ஒரு தட்டையான டப்பா வைத்தோம். டியூப் ராக்கைவிடக் கழிவு டப்பா உயரமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. பயோசேஃப்டி கேபினெட்டின் (கிருமி வெளியே வராதபடி காற்றை வடிகட்டும் பெட்டி) முன்விளிம்பில் முன்கையை அழுத்தி உட்காரும் பழக்கத்துக்கும், கால் தொங்கும் ஸ்டூலுக்கும் இதேபோல் சின்னச் சின்ன வைத்தியம் செய்தோம். கால் வைக்க ஒரு மரப்பலகை தச்சர் அன்றைக்கே அடித்துக் கொடுத்தார்.

ஆளை மாற்றி மாற்றி வேலை கொடுப்பதும் இந்தத் தேர்வில் சேர்த்தி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிப்பெட்டிலிருந்து மாற்றி டியூப் மூடி திறக்கும் வேலைக்கு அனுப்பினால் அது ஓய்வில்லை, அதே கட்டைவிரல்தான். நாங்கள் முதல் வாரம் அப்படித்தான் அட்டவணை போட்டோம். இப்போது பிப்பெட்டுக்கு அப்புறம் ரிப்போர்ட் டைப் அடிப்பது, சாம்பிள் பதிவேடு, ஃப்ரீசர் அடுக்குவது என்று மாற்றியிருக்கிறோம். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிப்பெட்டைக் கீழே வைத்துக் கையை உதறுவதும் உண்டு. ரன் அவசரத்தில் அது பாதி நாள் மறந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேண்டேஜும் ஸ்பிளின்ட்டும்? வலி வந்தவருக்கு டாக்டர் சொன்னால் வேண்டும். ஓய்வு, ஸ்பிளின்ட், தேவைப்பட்டால் ஸ்டீராய்ட் ஊசி, அதற்கும் மசியாவிட்டால் சிறிய அறுவை என்று வைத்தியம் படிப்படியாக இருக்கிறது. ஆனால் அதை லேப்பின் தேர்வாக எண்ணுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதுபோல். ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டே பிப்பெட் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் அசையாததால் மணிக்கட்டை வளைத்து அழுத்துகிறார்கள். வலி இடம் மாறுகிறது.

பிப்பெட்டை மாற்றுவதா, வேலையை மாற்றுவதா

லேசான ஸ்பிரிங் வைத்த புது மேனுவல் பிப்பெட்டுகள் இருக்கின்றன. கையில் வாங்கியதும் வித்தியாசம் தெரியும். ஆளுக்கு ஒரு செட் என்றால் கட்டுப்படியாகும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, டிப். லேசாக மாட்டிக் கழற்றுவதற்கென்றே சில நிறுவனங்கள் தனி வடிவ முனை வைத்திருக்கின்றன. ரெய்னினின் எல்டிஎஸ் வகை அப்படி. அதற்கு அதற்கான டிப்தான் பொருந்தும். பிப்பெட் ஒரு முறைச் செலவு, டிப் மாசாமாசம் செலவு. டிப் வாங்கக் காசில்லாத மாதத்தில் பழைய கனமான பிப்பெட்டுக்கே திரும்பிப் போவீர்கள். இரண்டு, அழுத்தின் எண்ணிக்கை மாறாது. 480 அழுத்து 480ஆகவே இருக்கும், ஒவ்வொன்றும் லேசாகும்.

அரசு நிறுவனங்களில் இன்னொரு சிக்கல். ஜெம் என்ற அரசின் இணையக் கொள்முதல் தளத்தில் போட்டால் எல்-1, அதாவது குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆர்டர் போகும். '100 முதல் 1000 மைக்ரோலிட்டர், ஆட்டோகிளேவ் செய்யக்கூடியது' என்று மட்டும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதினால் கல் மாதிரி ஸ்பிரிங் வைத்த பிப்பெட்தான் வந்து சேரும். எடை இவ்வளவுக்குள், பிளஞ்சர் அழுத்தும் விசை இவ்வளவுக்குள், டிப் கழற்றும் விசை இவ்வளவுக்குள், வாங்கும் முன் டெமோ காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். எழுதாத எதையும் கேட்க முடியாது.

எலெக்ட்ரானிக் பிப்பெட்டுக்கு வருவோம். பட்டனைத் தொட்டால் மோட்டார் பிஸ்டனை நகர்த்துகிறது. விரலுக்கு மிச்சம் தொடுவது மட்டும்தான். ஒரு முறை உறிஞ்சி அளந்து அளந்து பல குழிகளில் விடும் வசதியும் அதில் உண்டு. ஒவ்வொரு கைக்கும் ஒரே வேகம் என்பதால் அளவிலும் ஏற்ற இறக்கம் குறையும். கேட்க அருமை. விலை மேனுவலைப்போல் மூன்று நாலு மடங்கு. அதைவிட என்னைத் தயங்க வைத்தவை வேறு. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து கனம் கூடுகிறது. எங்களில் சின்னக் கைக்காரருக்குப் பத்து நிமிட டெமோவிலேயே முன்கை இழுத்தது. பல மாடல்களில் டிப் கழற்றுவது இன்னும் கட்டைவிரல்தான், அதாவது எல்லாவற்றிலும் கனமான அழுத்து அப்படியே நிற்கிறது. கழற்றுவதற்கும் மோட்டார் உதவி உள்ள மாடல்கள் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். சார்ஜ் போட மறந்தால் அன்றைக்குப் பழையபடிதான்.

ஆனாலும் ஒருவருக்கு அதுதான் சரி. ஏற்கெனவே டி குவர்வெய்ன் வந்து வைத்தியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவருக்கு, கழற்றும் உதவியோடு உள்ள எலெக்ட்ரானிக் பிப்பெட் ஆடம்பரமில்லை. ஆளுக்கு ஒன்று என்ற யோசனையைத்தான் நான் எதிர்த்தேன்.

மல்டிசேனல் பிப்பெட்: எட்டு வாய். மாஸ்டர் மிக்ஸை எட்டு டியூப் ஸ்ட்ரிப்பில் பிரித்து வைக்க 16 அழுத்து, பிளேட்டின் 12 வரிசைக்கு 24. ஆக 192 இருந்த இடத்தில் 40. ஆனால் எட்டுப் பிஸ்டனை ஒரு விரல் தள்ளுகிறது, எட்டு டிப்பை ஒரு விரல் கழற்றுகிறது. எண்ணிக்கை எட்டில் ஒன்றானால் வலியும் எட்டில் ஒன்றாகாது. எட்டு டிப்பும் ஒழுங்காக மாட்டவில்லை என்ற பயத்தில் ராக்கின் மேல் ஏறி உட்காராத குறையாக அழுத்துபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாம்பிளுக்கு இது உதவுமா என்பது சாம்பிள் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிளேட்டின் குழிகள் 9 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, 1.5 மில்லி டியூப் ராக்கில் அப்படி இல்லை. வாய்களின் இடைவெளியை விரித்துச் சுருக்கும் மல்டிசேனல்கள் வந்துவிட்டன, விலையைக் கேட்டதும் நானே சுருங்கிவிட்டேன்.

பலர் பேச்சில் வராமல் போகும் கருவி ரிப்பீட்டர். ஊசிக்குழல் மாதிரி தனக்கென்று பிஸ்டன் உள்ள பெரிய டிப். ஒரு முறை நிரப்பினால் லீவரை ஒவ்வொரு தட்டுத் தட்ட ஒவ்வொரு குழி. ரீஏஜென்ட் (சோதனைக்கான திரவம்) விட 96 குழிக்கு 96 லேசான தட்டு, நடுவில் ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டி வரலாம். இரண்டாம் நிறுத்தம் கிடையாது, டிப் கழற்றல் கிட்டத்தட்ட கிடையாது. மேனுவல் ரிப்பீட்டர் ஒன்று எலெக்ட்ரானிக் பிப்பெட் ஒன்றைவிட எங்களுக்கு மலிவாகவே வந்தது. அதன் டிப் விலை கடிதான், ஆனால் ஒரு ரீஏஜென்டுக்கு ஒரு டிப் போதும். மிகச் சின்ன அளவில் துல்லியம் தள்ளாடலாம், அதனால் உங்கள் அளவில் எடை போட்டுப் பார்த்து நம்புங்கள். ஒரே திரவத்தைப் பல குழிகளில் விடும் வேலைக்கு, கொடுக்கும் காசுக்கு, இதைவிட விரலுக்கு நிம்மதி தருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரோபோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் எட்டவில்லை என்பது ஒருபுறம். எட்டினாலும் எங்கள் சாம்பிள்கள் நாலு வகை டியூபில் வருகின்றன. மூடியைத் திறந்து ராக்கில் அடுக்குவது மனிதக் கைதான். ஒரு நாள் 20 சாம்பிள், ஒரு நாள் 90. சின்ன பேட்சுக்கு ரோபோவின் மேடையை அடுக்கி முடிப்பதற்குள் கையால் முடித்துவிடலாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேறு. ரிப்பேர் ஆன வாரம் முழுச் சுமையும், பழக்கம் விட்டுப்போன கைகள் மேல் ஒரேயடியாக விழும். தினம் பல பிளேட், ஒரே மாதிரி டியூப், ஒரே சோதனை என்று ஓடும் பெரிய லேப்புக்கு நான் சொல்வது பொருந்தாது. அவர்கள் கையால் செய்து கொண்டிருந்தால்தான் தப்பு.

பிப்பெட்டே இல்லாத விடை

இதெல்லாம் பிசிஆர் பக்கத்துக் கணக்கு. இன்னொரு பெஞ்சில் எலைசா, அதாவது நிற மாற்றத்தை வைத்துப் பார்க்கும் பிளேட் சோதனை, நடக்கிறது. அங்கே கவுன்டரோடு உட்கார்ந்தபோதுதான் என் முடிவு மாறியது.

எங்கள் எலைசாவில் மூன்று கழுவல். ஒவ்வொரு கழுவலுக்கும் ஐந்து தடவை பஃபர் என்ற உப்புக் கரைசலை விட்டுக் கொட்ட வேண்டும். மல்டிசேனலில் 12 வரிசை, ஒரு வரிசைக்கு இரண்டு அழுத்து. 15 தடவைக்கும் சேர்த்து 360. எட்டு வாயின் கனத்தோடு 360. இது போதாதென்று ஒவ்வொரு தடவையும் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் சட் சட்டென்று அறைந்து துடைப்பது. ஒரு பிளேட்டுக்கு. வாரத்தில் மூன்று நாள் நாலு பிளேட் ஓடும். எங்கள் லேப்பில் மிக அதிகமாக உழைத்த விரல் பிசிஆர் பெஞ்சில் இல்லை. அங்கே இருப்பவர் ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. கேட்டபோது, "இதெல்லாம் வேலைதானே" என்றார்.

பிளேட் வாஷர் என்ற கருவி இந்த 360ஐயும் அறைதலையும் முழுசாக எடுத்துவிடுகிறது. அது பிப்பெட் இல்லை என்பதால் பிப்பெட் வலி பற்றிய எங்கள் பேச்சில் யார் வாயிலும் அது வரவில்லை. குறை இல்லாமல் இல்லை. பஃபரில் இருக்கும் உப்பு காய்ந்து ஊசி முனைகளை அடைக்கும். சாயங்காலம் டிஸ்டில்டு வாட்டர் ஓட்டி அலசாமல் வீட்டுக்குப் போனால் மறுநாள் ஒரு வரிசை மட்டும் அழுத்தமான மஞ்சளாக வந்து நிற்கும். குழியின் அடியில் மிச்சம் நிற்காதபடி ஊசியின் உயரத்தை அந்தந்தக் கிட் பிளேட்டுக்கு ஏற்றபடி சரி செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பொறுப்பாக ஒருவர் பெயரை எழுதி ஒட்டாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள்.

டைரக்டர் சாரிடம் நான் கொண்டு போன தாள் ஒரே பக்கம். இடது பக்கம் பொருள், நடுவில் விலை, வலது பக்கம் வாரத்துக்குக் குறையும் அழுத்து. வாஷர் அருகில் 4320 என்று எழுதியிருந்தேன், நாலு பிளேட், மூன்று நாள் கணக்கில். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோபோவுக்கு எவ்வளவு?" என்றார். எங்கள் சாம்பிள் எண்ணிக்கையில் அதற்கு நேராக நான் போட்டிருந்த எண்ணைக் காட்டினேன். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ப்ராஜெக்ட் ப்ரொபோசலில் கேட்பார், அது எனக்குத் தெரியும்.

அலுவலகத்துக்கு ஒரு வரி தனியாக வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இணைத்திருந்த தொழில்நோய்ப் பட்டியலில் 29 நோய்கள்; ஈயம், பாதரசம், சிலிக்கா எல்லாம் உண்டு, கை வலி கிடையாது. அதனால் 'இது தொழில்நோயே இல்லை' என்று கோப்பில் எழுதப் பார்த்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்திய பட்டியலில் கட்டைவிரல் பக்க மணிக்கட்டு நாண் அழற்சியும் கார்ப்பல் டன்னலும் பெயரோடு இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். பணம் பாஸ் ஆனது அதனாலா, மார்ச் 31ஆலா என்று சொல்ல மாட்டேன்.

ஆக, வாங்கியது: பிளேட் வாஷர் ஒன்று, பாதிக்கு மேல் பணம் அதற்கே போனது. ரிப்பீட்டர் இரண்டு. ஏற்கெனவே வைத்தியம் முடிந்து திரும்பிய ஒருவருக்கு மட்டும் டிப் கழற்ற மோட்டார் உதவி உள்ள எலெக்ட்ரானிக் பிப்பெட், அவரே மூன்று மாடலைக் கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தது. மிச்சத்தில் சீலும் கிரீஸும். லேசான மேனுவல் பிப்பெட்டுகளை இந்த வருடம் விட்டுவிட்டோம். பழையது பழுதாக ஆக ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் ஆகிறது. இளையவள் தோசை சுடுகிறாள், கரண்டி இன்னும் இடது கையில்தான். மூன்று தட்டுத் தட்டுபவர் இரண்டுக்கு இறங்கியிருக்கிறார். எனக்குச் சாயங்காலங்களில் வலி குறைந்திருக்கிறது, மழை நாளில் திரும்ப வருகிறது.

விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும்போது ஒரு சாம்பிளுக்குக் குறைந்தது ஐந்து முறை டியூப் மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பித் திறக்கிறோம். காந்த மணிகளை வைத்து ஒரே நேரத்தில் 96 சாம்பிளையும் பிரித்துத் தரும் கருவிகள் அதை ஒழித்துவிடும், விலை வேறு உலகம். இப்போதைக்கு, பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிப் பையன் ஒருவன் மூடி திறக்கும் சின்னக் கொக்கி ஒன்றை 3டி பிரின்டரில் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறான். முதல் மாதிரி வந்தது. மூடி திறந்தது, டியூபும் கையோடு ராக்கிலிருந்து எழும்பி வந்துவிட்டது. கொக்கியைக் கொஞ்சம் மெல்லிசாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.